ஆரல்வாய்மொழிக்கு அப்பால்: குமரியிலிருந்து குடும்பத்துடன் கோடைகாலப் பைக் பயணம் செல்வதற்கான முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்துக்காரர்களான நமக்கு வெயிலைப் பற்றி ஒரு தப்புக் கணக்கு உண்டு. மே மாதத்திலும் நாகர்கோவிலில் பொழுது சாய்ந்தால் கடற்காற்று வந்துவிடும். தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் தென்னையும் ரப்பரும் நிழல் தந்துகொண்டிருக்கும். இரண்டு நாள் புழுங்கினால் மூன்றாம் நாள் ஒரு கோடைமழை பெய்துவிடும். இந்த வெயிலையே வெயில் என்று எண்ணிப் பழகியவர், காலை ஒன்பது மணிக்குக் குழந்தையையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் புறப்பட்டால், ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிய அரை மணி நேரத்தில் வேறொரு நாட்டுக்குள் நுழைந்துவிடுகிறார். நம் ஊர் வெயில் உடலை நனைக்கும். கணவாய்க்கு அப்பால் உள்ள வெயில் உடலை உலர்த்தும். மே மாத நண்பகலில் திருநெல்வேலியும் மதுரையும் 38 டிகிரி, சில நாட்களில் 40 டிகிரி செல்சியஸ் வரை போகும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துத் திட்டமிட்டால் கோடைப் பயணம் குடும்பத்துக்கு இன்பமாகவே அமையும். நாகர்கோவிலிலிருந்து மதுரை வழியாகக் கொடைக்கானல் செல்லும், ஏறத்தாழ 360 கிலோமீட்டர் கொண்ட இரண்டு நாள் பயணத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை எழுதுகிறேன்.

யார் எந்த வண்டியில்?

முதலில் தீர்க்க வேண்டியது இதுதான். பலர் கடைசியில் தீர்ப்பதும் இதைத்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-ஆம் பிரிவின்படி இருசக்கர வாகனத்தில் ஓட்டுநரைத் தவிர ஒருவர் மட்டுமே செல்லலாம். கணவன், மனைவி, நடுவில் குழந்தை என்ற காட்சி நம் ஊரில் கோயில் கொடைக்கும் கல்யாண வீட்டுக்கும் செல்லுபடியானாலும், அது சட்டப்படி குற்றம். 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பும் அதற்கு உண்டு. சட்டத்தை விடுங்கள், மூன்று உடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் நடுவில் இருக்கும் குழந்தைக்குக் காற்றே கிடையாது என்ற ஒரு காரணம் போதும்.

ஆகவே மூன்று பேர் என்றாலும் நான்கு பேர் என்றாலும் இரண்டு வண்டிகள் வேண்டும். வீட்டில் இருவருக்கும் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பழக்கம் இல்லையென்றால், மைத்துனரையோ தம்பியையோ சேர்த்துக்கொள்ளலாம். அதுவும் இயலாவிட்டால் சிலரை நாகர்கோவில் சந்திப்பிலிருந்து ரயிலில் மதுரைக்கு அனுப்பிவிட்டு அங்கே சேர்ந்துகொள்ளலாம். என் தாயார் அப்படித்தான் வருவார். நாங்கள் தூசியோடு போய் இறங்கும்போது அவர் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நான்கு வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் தலைக்கவசம் கட்டாயம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தைக்கு அதன் தலை அளவுக்கேற்ற தலைக்கவசமும் ஓட்டுநரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்ற விதி 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் உள்ளது. அந்த வேகத்தில் மதுரை போய்ச் சேர்வதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும் என்பதால், அவ்வளவு சின்னக் குழந்தையைக் கோடையில் இந்தப் பயணத்துக்கு அழைத்துச் செல்லவே வேண்டாம் என்பது என் கருத்து. பின்னால் உட்காரும் பிள்ளையின் பாதம் கால்மிதியில் முழுமையாகப் படிய வேண்டும்; படியாத பிள்ளை இன்னும் நெடும்பயணத்துக்கு வளரவில்லை.

வண்டியைத் தயார் செய்தல்

புறப்படுவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே சர்வீஸ் செய்துவிடுங்கள். முந்தைய நாள் மாலை சர்வீஸ் எடுத்து மறுநாள் விடியலில் கிளம்பினால், சரியாக இறுக்கப்படாத ஒரு நட்டு வள்ளியூரில்தான் தன் குறையைச் சொல்லும். வாரம் முழுதும் உள்ளூரில் ஓட்டிப் பார்த்த வண்டியே நெடும்பயணத்துக்கு உரியது.

கோடையில் முதல் கவனம் டயருக்கு. அதன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். 2321 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் ரப்பர் வெடிப்பு விட்டிருந்தால் அந்த டயர் சூட்டைத் தாங்காது. எனக்கு இதைக் கற்றுத்தந்தவர் எங்கள் ஊர் மெக்கானிக். பின்சக்கரத்தை நகத்தால் கீறிக் காட்டி, "அண்ணாச்சி, வண்டி மதுரைக்குப் போவும், இந்த டயரு போவாது" என்றார். காற்றின் அளவை வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். பின்னால் ஆள் உட்காரும்போது பின்சக்கரத்துக்கு வைக்க வேண்டிய அளவு தனியாக ஓட்டும்போது வைப்பதைவிட அதிகம். செயின் கவரிலோ பின் ஃபோர்க்கிலோ ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் அது இருக்கும். வழியில் டயர் சூடாகி அழுத்தம் கூடியிருப்பதைக் கண்டு, "அதிகமாக இருக்கிறதே" என்று காற்றை இறக்கிவிடக்கூடாது. காற்றுக் குறைந்த டயர் கூடுதலாக நெளியும், நெளிவதால் மேலும் சூடாகும். கோடையில் டயர் வெடிப்பதற்கு முக்கியக் காரணம் இதுவே.

எஞ்சின் ஆயிலின் அளவு, இரு பிரேக்குகளின் பிடிமானம், செயினின் தளர்வு, விளக்குகள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, ஒரு கிளச் கேபிள், ஒரு ஆக்சிலேட்டர் கேபிள், பஞ்சர் ஒட்டும் பொருட்கள், சிறு காற்றடிப்பான் ஆகியவற்றைச் சீட்டுக்கு அடியிலோ பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். டியூப் உள்ள டயர் என்றால் ஒரு மாற்று டியூப் அவசியம். அதிகாலையில் பஞ்சர் கடைக்காரர் எழுந்திருந்தாலும் உங்கள் அளவு டியூப் அவரிடம் இருக்காது.

சுமையைத் தாழ்வாகவும் இரு பக்கமும் சமமாகவும் கட்ட வேண்டும். பை சைலன்சரைத் தொடாமல் இருப்பதை ஆள் உட்கார்ந்த பிறகு பார்க்க வேண்டும், ஏனென்றால் ஸ்பிரிங் அமுங்கியதும் பை இரண்டு அங்குலம் இறங்கிவிடும். பிள்ளையின் மடியில் எதையும் வைக்காதீர்கள். சேலை, ஷால் ஆகியவற்றின் முனைகள் சக்கரத்தில் சிக்கும் அபாயம் உள்ளதால் பெண்கள் பேன்ட்டோ சுரிதாரோ அணிந்து, ஷாலை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது.

உடலை மூடுதல்: பலரும் தவறும் இடம்

வெயில் என்றால் மெல்லிய சட்டை, அரைக்கை, காற்றோட்டம் என்றுதான் நாம் நினைக்கிறோம். வண்டியில் போகும்போது காற்று அடிப்பதால் குளிர்ச்சியாகவும் இருக்கிறது. காலை எட்டு மணி வரை இது உண்மை. ஆனால் நம் தோலின் வெப்பம் ஏறத்தாழ 35 டிகிரி. வெளிக்காற்றின் வெப்பம் அதைத் தாண்டிவிட்டால், அடிக்கும் காற்று நம்மிடமிருந்து சூட்டை எடுத்துச் செல்வதற்குப் பதிலாக நமக்குள் சூட்டை ஏற்றத் தொடங்கும். அதன் பிறகு உடலைக் குளிர்விப்பது வியர்வை ஒன்றே. உலர்ந்த காற்றில் அந்த வியர்வை வெளிவந்த கணமே ஆவியாகிவிடுவதால், சட்டை நனைவதில்லை. நனையாததால் வியர்க்கவில்லை என்று நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் விட்டுவிடுகிறோம். நம் ஊரில் வியர்வை ஒழுகுவதைக் கண்ணால் பார்த்துத் தண்ணீர் தேடிப் பழகியவர்கள் என்பதால், இந்த ஏமாற்றம் நமக்கு மற்றவர்களைவிட எளிதில் நேரும்.

ஆகையால் முழுக்கைப் பருத்திச் சட்டையும், அதன்மேல் வலைத்துணி ஜாக்கெட்டோ வெளிர்நிற இரண்டாவது சட்டையோ, கையுறையும், காலுறையும், மூடிய காலணியும் அனைவருக்கும் வேண்டும். வியர்வை ஆவியாவதை மெதுவாக்கி, அதன் குளிர்ச்சியை உடலில் சற்று நேரம் தங்க வைப்பதே இந்தத் துணிகளின் வேலை. கழுத்தைச் சுற்றி ஈரத் துண்டு ஒன்றை ஜாக்கெட்டுக்குள் கட்டிக்கொண்டால் அரை மணி நேரம் தாங்கும். காய்ந்ததும் மீண்டும் நனைக்க வேண்டும். துண்டின் முனைகள் வெளியே தொங்கக்கூடாது. தலைக்கவசத்துக்குள் மெல்லிய பருத்திக் குல்லாய் போட்டால் வியர்வை கண்ணில் வடியாது.

வண்டியை நிறுத்தும் இடங்களில் இரண்டு சிறு காயங்கள் அடிக்கடி நேர்கின்றன. ஒன்று, இறங்கும் பிள்ளையின் கெண்டைக்கால் சைலன்சரில் படுவது. இடப்பக்கமாகவே இறங்க வேண்டும் என்று முதல் நிறுத்தத்திலேயே பழக்கிவிடுங்கள். மற்றொன்று, வெயிலில் கிடந்த கறுப்புச் சீட்டில் மீண்டும் உட்கார்ந்து தொடை வெந்துபோவது. நிறுத்தியவுடன் வெளிர்நிறத் துண்டு ஒன்றைச் சீட்டின்மேல் விரித்துவிட்டால் போதும்.

முதல் நாள்: நாகர்கோவில் முதல் மதுரை வரை

தொலைவு சுமார் 240 கிலோமீட்டர். காலை 10.30 மணிக்குள் மதுரையில் அறைக்குள் இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் நாகர்கோவிலிலிருந்து 4.30 மணிக்குப் புறப்பட வேண்டும். மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்தினர் முந்தைய இரவே நாகர்கோவிலிலுள்ள உறவினர் வீட்டில் தங்கிவிடுவது நல்லது. அந்தக் குறுகிய சாலையில் செலவாகும் ஒரு மணி நேரத்தின் விலை விருதுநகருக்கு அருகே தெரியும்.

ஆரல்வாய்மொழியும் முப்பந்தலும் காற்றாலைகளுக்குப் பெயர் பெற்றவை என்பது, இருசக்கர வண்டி ஓட்டுபவருக்கு ஓர் எச்சரிக்கை. மே மாத இறுதியில் தென்மேற்குப் பருவக்காற்று எழத் தொடங்கியதும், கணவாய்க்குள் அது நமக்குப் பின்னாலிருந்து தள்ளும். வண்டி இலேசாகப் பறப்பதுபோல் தோன்றும். காவல்கிணறு தாண்டிச் சாலை வடக்கே திரும்பியவுடன் அதே காற்று இடப்பக்கத்திலிருந்து மோதும். அங்கே ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் வண்டி மேலும் அலையும். பிடியைச் சற்றுத் தளர்த்தி, முழங்கால்களால் டேங்கை அணைத்து, 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லுங்கள். பேருந்தையோ லாரியையோ முந்தும்போது அதன் மறைவில் காற்று நின்றுவிடும். அதன் முகப்பைக் கடந்த நொடியில் மொத்தமாக வந்து அறையும். அந்த அறையை எதிர்பார்த்தே முந்த வேண்டும், காற்று கடுமையாக இருந்தால் முந்தவே வேண்டாம். முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் நம் ஊர் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுப் போவது வழக்கம். பக்தி இல்லாதவர்களும் அங்கே நின்று பைகளின் கட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கலாம்.

பணகுடி, வள்ளியூர், நாங்குநேரி ஆகியவற்றைக் கடந்து, 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருநெல்வேலிப் புறவழிச்சாலையை 6.30 மணி அளவில் அடையலாம். விடிவதற்கு முந்தைய இந்தப் பகுதியில், சாலையோரம் விளக்கின்றி நிற்கும் லாரிகளும், தடுப்புச்சுவர் இடைவெளிகளுக்காக எதிர்த்திசையில் வரும் வண்டிகளும்தான் பெரும் ஆபத்து. இருட்டு விலகும் வரை 50-க்கு மேல் போகாதீர்கள். சுங்கச்சாவடிகளில் இருசக்கர வாகனங்களுக்குக் கட்டணம் கிடையாது. இடது ஓரத்திலுள்ள தனி வழியில் சென்றுவிடலாம்.

ஒவ்வொரு 40 அல்லது 45 நிமிடங்களுக்கும் பத்து நிமிடம் நிறுத்துங்கள். பசியோ களைப்போ வந்த பிறகு நிறுத்துவது பிந்திய செயல். நான்குவழிச் சாலையாக அகலப்படுத்தியபோது ஓரத்து மரங்கள் போய்விட்டதால் நிழலைச் சாலையில் தேடிப் பயனில்லை. பெட்ரோல் பங்குகளின் கூரையும், மேம்பாலங்களின் அடிப்பகுதியும், ஊருக்குள் இருக்கும் வேப்பமரங்களுமே நமக்கு உள்ளவை. பிள்ளைகளுக்குக் கயத்தாறில் ஒரு நிறுத்தம் பிடிக்கும். 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் அது. எட்டு மணிக்குக் கோவில்பட்டியில் புறவழிச்சாலையை விட்டு ஊருக்குள் சென்று சிற்றுண்டி சாப்பிடலாம். இட்லியோ இடியாப்பமோ போதும். பூரியும் பரோட்டாவும் வெயிலில் வயிற்றைக் கெடுக்கும். புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாய் அங்கே கிடைக்கும். அதைப் பையில் வைத்தால் வெயிலில் உருகுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை, சாத்தூர் வருவதற்குள் பிள்ளைகள் தீர்த்துவிடுவார்கள்.

பின்சீட்டில் உள்ள பிள்ளை தூங்கிவிழுவது இந்த நேரத்தில்தான். வயிறு நிறைந்திருக்கும், வெயில் ஏறியிருக்கும், சாலை நேராக இருக்கும். இடைவிடாமல் அவர்களோடு பேசிக்கொண்டு வாருங்கள். பதில் குறைந்து தலைக்கவசம் உங்கள் முதுகில் முட்டத் தொடங்கினால் அடுத்த நிழலில் நிறுத்திப் பதினைந்து நிமிடம் தூங்க விடுங்கள். இடுப்போடு சேர்த்துக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஓட்டும் சிலரைக் கண்டிருக்கிறேன். வண்டி சரிந்தால் பிள்ளையும் அடியில் சிக்கிவிடும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

சாத்தூர், விருதுநகர், திருமங்கலம் வழியே எஞ்சிய நூறு கிலோமீட்டர் வெயிலோடு போகும் பகுதி. ஏதேனும் காரணத்தால் பத்து மணிக்கு விருதுநகரையே தாண்டவில்லை என்றால் அடம் பிடிக்காமல் அங்கேயே ஓர் அறை எடுத்து மாலை நான்கரை மணி வரை தங்கிவிடுங்கள். அறை வாடகை இழப்பன்று.

தண்ணீரும் உணவும்

ஓர் ஆளுக்கு இரண்டு லிட்டர் வீதம் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றரை தம்ளர் குடிக்க வேண்டும், பிள்ளைகள் ஒரு தம்ளராவது குடிக்க வேண்டும். வீட்டில் காய்ச்சிய சீரகத் தண்ணீரை எடுத்துச் சென்றால் பிள்ளைகள் மறுக்காமல் குடிப்பார்கள். வெறும் தண்ணீரை மட்டுமே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையோடு போன உப்பு ஈடாகாது என்பதால், இரண்டு நிறுத்தங்களுக்கு ஒருமுறை உப்புப் போட்ட மோரோ உப்பிட்ட கஞ்சித் தண்ணீரோ நல்லது. ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் நான்கைந்து இருக்கட்டும். இல்லாதபோது ஒரு லிட்டர் நீரில் ஆறு சிறுகரண்டி சர்க்கரையும் அரைச் சிறுகரண்டி உப்பும் கலந்தால் அதே வேலையைச் செய்யும். நம் மட்டிப்பழமும் ஏத்தம்பழமும் பயணத்துக்கு ஏற்ற உணவு. வழியோர நுங்கையும் அக்கானியையும் (பதநீர்) தவறவிட வேண்டாம். ஆனால் வெயிலேறிய பிறகு விற்கும் அக்கானி புளித்திருக்கும், அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். குடித்தது போதுமா என்பதை அறிய எளிய வழி சிறுநீர்தான்: வெளிர்மஞ்சளாக இருந்தால் சரி, அடர்ந்திருந்தாலோ நான்கு மணி நேரமாகப் போகாவிட்டாலோ போதவில்லை. கழிவறைக்கு அஞ்சிப் பெண்கள் தண்ணீரைக் குறைத்துக்கொள்வது நம் குடும்பங்களில் வழக்கம். ஆகவே எந்தெந்த இடத்தில் நல்ல கழிவறை உள்ளது என்பதை முன்கூட்டியே பார்த்துவைத்து அங்கேயே நிறுத்துவது ஓட்டுபவரின் கடமை.

வெயில் தாக்கினால்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திரும்பும் பயணத்தில், மேலே சொன்னவற்றை எல்லாம் அறிந்திருந்தும், "இன்னும் நூறு கிலோமீட்டர்தானே" என்று பகல் ஒரு மணிக்குக் கயத்தாறு அருகே ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்த என் மனைவி கேட்டதற்கு "ம்" என்று மட்டும் சொல்லத் தொடங்கினாள். பிறகு அதுவும் நின்றது. ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தியபோது அவளால் தலைக்கவசத்தின் பக்கிளைக் கழற்ற முடியவில்லை. விரல்கள் அதைத் தேடிக்கொண்டே இருந்தன. முகம் சிவந்திருந்தது, ஆனால் நெற்றியில் ஒரு துளி ஈரம் இல்லை. அங்கே வேலை செய்த ஒரு பையன் கேட்காமலே ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தான். கழுத்திலும் அக்குளிலும் ஈரத் துணி வைத்து, தலையிலும் உடம்பிலும் தண்ணீர் ஊற்றி, அட்டையால் விசிறி, பத்து நிமிடம் கழிந்த பின்னரே அவள் என் பெயரைச் சொல்லித் திட்டினாள். அந்தத் திட்டுதான் எனக்கு உயிரைத் தந்தது.

நான் செய்ததைத்தான் யாரும் செய்ய வேண்டும், இன்னும் விரைவாக. தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு, தலைசுற்றல் ஆகியவை வெப்பக் களைப்பின் அறிகுறிகள். நிழலில் படுக்க வைத்து, உடையைத் தளர்த்தி, உப்பு சர்க்கரைக் கரைசலைச் சிறுகச் சிறுகக் கொடுத்து, அன்றைய பயணத்தை அத்தோடு முடித்துவிட வேண்டும். பேச்சுக் குழறல், குழப்பம், மயக்கம், வலிப்பு ஆகியவை உயிருக்கே ஆபத்தான வெப்பவாதத்தின் (ஹீட் ஸ்ட்ரோக்) அறிகுறிகள். உடனே 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். நினைவு தெளியாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

இரண்டாம் நாள்: மலையேற்றம்

மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் சுமார் 120 கிலோமீட்டர். ஐந்தரை மணிக்குக் கிளம்பினால் சமவெளி வெயில் ஏறுவதற்குள் மலையைத் தொட்டுவிடலாம். வெளியூர் வாகனங்களுக்கான இ-பாஸ் நடைமுறை 2024 மே 7 முதல் வந்துள்ளது. பைக்தானே என்று விட்டுவிடாமல், கட்டணமில்லாத அந்தப் பதிவை வீட்டிலேயே முடித்து வாருங்கள். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் என்பதால் ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் பையின் மேற்புறத்தில் இருக்கட்டும்.

ஏற்றத்தைவிட இறக்கமே கவனிக்க வேண்டியது. கியர் வண்டியில் எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்கினால் எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஸ்கூட்டரில் அந்த வசதி மிகக் குறைவு. முழு எடையும் பிரேக்கின் மேல் விழும். தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறி, பிடித்தாலும் நிற்காத நிலை வரும். விட்டுவிட்டுப் பிடிப்பதும், பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிடுவதும் கட்டாயம். சூடான டிரம் மீது தண்ணீர் ஊற்றாதீர்கள்.

திரும்பி வருதல்

போகும்போது இருந்த ஒழுங்கு வரும்போது யாருக்கும் இருப்பதில்லை. விடுமுறை முடிகிறது, மறுநாள் வேலை இருக்கிறது, வீடு கூப்பிடுகிறது. ஆகவே திரும்பும் நாளுக்கு அடுத்த நாளையும் விடுப்பாக எடுத்துவிடுங்கள், மதுரையிலிருந்து அதே 4.30 மணிக்குப் புறப்படுங்கள். பணகுடிக்குப் பிறகு காற்று இப்போது வலப்பக்கத்திலிருந்து வரும். காவல்கிணற்றில் திரும்பியதும் நேரெதிரே நின்று தடுக்கும். மே இறுதியில் அந்தக் காற்றோடு மணலும் வருவதால் தலைக்கவசக் கண்ணாடியை இறக்கிவிட வேண்டும். பெட்ரோல் அளவைக் காவல்கிணற்றுக்கு முன்பே பாருங்கள், எதிர்காற்றில் வண்டி வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குடிக்கும்.

வீட்டுக்கு வந்தபின் செயினைத் துடைத்து ஆயில் விடுங்கள். நம்பர் பிளேட், கண்ணாடி, சைலன்சர் ஆகியவற்றின் நட்டுகளை ஒருமுறை இறுக்குங்கள். இரு டயர்களிலும் ஆணி ஏதேனும் குத்தி நிற்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். மறுநாள் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுபோவது அதே வண்டிதான்.